மீட்டர் 12 வோல்ட் காட்டுது, ஹார்னு மட்டும் கத்த மாட்டேங்குது

காலைல நாலரை மணி இருக்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல திருவொற்றியூர் பக்கமா போய்ட்டு இருக்கேன், பின்னாடி காசிமேட்டுல ஏத்துன மீன் பெட்டி, ஐஸு உருகி சொட்டிக்கிட்டு வருது. எனக்கு வலது கைப்பக்கம் 40 அடி கண்டெய்னர் ஏத்துன டிரெய்லர். லைனா நின்னு நின்னு நகர்ற நேரம். அவரு முன்னாடி ஏதோ குழியப் பாத்துட்டு எடது பக்கமா ஒடிச்சாரு. நம்ம ஊருல டிரைவர் உக்கார்றது வலது பக்கம், அவரு கேபினுக்கு எடது பக்கத்துல கொஞ்சம் பின்னால ஒரு சின்ன பிக்கப் வந்தா அது அவரு கண்ணாடில தெரியவே தெரியாது, இது டிரெய்லர் ஓட்டுன யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. நான் ஹார்ன அமுக்குனேன். "ம்ம்ய்ங்"னு ஒரு சத்தம். ஜொரம் வந்தவன் முனகுற மாதிரி. திரும்ப அமுக்குனேன், அதுவும் வரல. கிளீனர் பையன் கதவுக்கு வெளிய பாதி உடம்ப நீட்டி ரெண்டு கையாலயும் நம்ம வண்டி கூரைய தட்டி "ணா... ணா... நிறுத்துணா"ன்னு கத்துனான். என் வலது பக்க கண்ணாடி மடிஞ்சு உடைஞ்சதோட நின்னுச்சு. கதவுக்கும் அந்த டயருக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்ல.

அன்னிக்கு கை நடுங்குனது மீன எறக்கி முடிக்கிற வரைக்கும் நிக்கல. அந்தப் பையனுக்கு 19 வயசு, அவங்க அம்மா என்ன நம்பி தான் அனுப்புறாங்க.

வண்டி 2005 மாடல் பிக்கப், நைனா எடுத்தது. அவரு ஓட்டி, நான் ஓட்டி, இன்ஜின் ஒரு தடவ எறக்கி ஏத்தியாச்சு, இன்னும் நல்லா இழுக்குது. நைனாவுக்கு இப்ப கண்ணு மங்கிப் போச்சு, ஸ்டேரிங்க தொடறதில்ல, தெருமுனைல வண்டி திரும்பறப்பவே வாசல்ல உக்காந்தபடி எல்லாத்தையும் காதாலயே பாத்துடுவாரு. பேரிங் கத்துனா சொல்லுவாரு, பெல்ட்டு லூசா இருந்தா சொல்லுவாரு. இந்த ஹார்னு விஷயத்துலயும் மொதல்ல சொன்னது அவரு தான். "ஹார்னு எறங்கிட்ச்சுடா, எஃப்சி முடிச்சு வந்ததுல இருந்தே ஒரு மாதிரி கீது"ன்னாரு. (எஃப்சின்னா வண்டி ரோட்டுல ஓட தகுதியா இருக்குன்னு வாங்கற சர்டிபிகேட்டு.) அந்த ஒரு வரிய நான் சரியா காதுல வாங்கியிருந்தா பின்னாடி நடந்த எதுவும் நடந்திருக்காது. பதில் முழுசா அதுல தான் இருந்துச்சு.

நான் என்ன பண்ணேன், எல்லாரும் பண்றதத் தான் பண்ணேன். ஹார்னு சரியா கத்தலன்னா ஹார்னு போச்சுன்னு தான மனசு சொல்லும். ஒரு கடைக்குப் போனேன், அவரு பழசு ரெண்டையும் கழட்டி புதுசு ரெண்டு மாட்டிக் குடுத்தாரு. நல்லா தான் கத்துச்சு. ரெண்டு வாரம். அப்புறம் திரும்பவும் அதே முனகல். புது ஹார்னு ரெண்டு வாரத்துல எப்படி போகும்? அப்ப எனக்கு இந்தக் கேள்வி தோணல, மட்டமான சரக்குன்னு நெனச்சுக்கிட்டேன். பழைய ஹார்ன் ரெண்டையும் நைனா தூக்கிப்போட விடல, சாக்குல சுத்தி சீட்டுக்கு அடில வச்சிட்டாரு, அது பின்னாடி உதவுச்சு.

இன்னொரு கடைல, "ரிலே போய்டுச்சு தம்பி, டைரெக்ட்டா இழுத்துடலாம்"னு சொல்லி (ரிலேன்னா சின்ன கரண்ட்டுல பெரிய கரண்ட்ட தெறந்து விடற குட்டி சுவிட்ச்சு டப்பா) பேட்டரில இருந்து ஒரு வயர நேரா கொண்டாந்து டேஷ்போர்டுல வீட்டு காலிங் பெல்லு சுவிட்ச்ச ஸ்க்ரூ போட்டு மாட்டிக் குடுத்தாங்க. நம்ம ஏரியால ஓடுற பழைய வண்டிங்கள்ல பாதிக்கு இந்த பெல்லு சுவிட்ச்ச பாத்திருப்பீங்க. இத நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும், ஏன்னா எனக்கே ஆபத்தா முடிஞ்சிருக்கும். ரெண்டு ஹார்னும் சேந்தா 8ல இருந்து 10 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். பெல்லு சுவிட்ச்சுல 6 ஆம்பியர்னு தான் எழுதியிருக்கும், அதுவும் வீட்டு கரண்ட்டுக்கு, அதுல ஒரு பெல்லு இழுக்கறது ரொம்ப கொஞ்சம். வண்டில அத அமுக்கி அமுக்கி விடும்போது உள்ள கரண்ட்டு தொட்டுக்கற பாயிண்ட்டு ஒவ்வொரு தடவையும் பொறி பறந்து கருகும். மூணாவது நாளே பிளாஸ்டிக் எரியற வாசனை, தொட்டா சூடு. வயரு பேட்டரில இருந்து நேரா வருது, நடுவுல ஃபியூஸே இல்ல. அந்த வயரு எங்கயாவது தேஞ்சு தகரத்துல பட்டிருந்தா வண்டி எரிஞ்சிருக்கும். அன்னிக்கே பிடுங்கி எறிஞ்சேன். இவ்ளோ பண்ணியும் ஹார்னு சத்தம் கூடல, அது தான் முக்கியம். பேட்டரில இருந்து நேரா கரண்ட்டு குடுத்தும் கூடல. அப்பவாவது நான் யோசிச்சிருக்கணும்.

இதுக்கு நடுவுல இன்னொன்னு. ராத்திரி ரெண்டு மணிக்கு காசிமேட்டுக்கு போற வழில ராயபுரத்துல ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரி கிட்ட எடது பக்கம் திருப்புறேன், நான் தொடவே இல்ல, ஹார்னு தானா அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. ஸ்டேரிங்க நேரா கொண்டாந்தா நிக்கும்னு பாத்தா நிக்கல. பிரசவ ஆஸ்பத்திரி அது. என் ரெண்டு புள்ளைங்களும் பொறந்தது அங்க தான், ராத்திரில அந்த வார்டுல பச்சக் கொழந்தைய பக்கத்துல போட்டுக்கிட்டு என் வீட்டுக்காரி தூங்காம கெடந்தது எனக்குத் தெரியும். எறங்கி ஓடி ஃபியூஸ் பாக்ஸ தெறந்து கைக்கு கெடச்சத எல்லாம் புடுங்கி தான் நிறுத்துனேன். வாசல்ல துண்டு விரிச்சு படுத்திருந்த ஆளுங்க எல்லாம் எழுந்து உக்காந்துட்டாங்க. கையெடுத்து கும்பிட்டுட்டு வந்தேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு சுத்தி கொறஞ்சது 100 மீட்டர அமைதி மண்டலமா அறிவிக்கலாம்னு 2000ல வந்த ஒலி மாசு விதியில இருக்கு, ஆனா அந்த நேரத்துல எனக்கு விதி ஒண்ணும் ஞாபகம் வரல, அந்த ஜனங்க மொகம் தான்.

அப்ப என் வண்டில ரெண்டு நோய். தேவைப்படறப்ப கத்தாது, தேவையில்லாதப்ப கத்தும். ரெண்டும் ஒரே காரணம்னு நான் நெனச்சேன், அது தப்பு. ரெண்டுக்கும் காரணம் வேற வேற. ஒண்ணு தேடும்போது இன்னொன்னு வந்து குழப்பும். பழைய வண்டில இது தான் பெரிய சிக்கல், ஒரே நேரத்துல ரெண்டு மூணு கோளாறு சேந்து நிக்கும்.

ஏப்ரல் 15 வந்துச்சு. மீன்பிடி தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேடே தூங்குன மாதிரி இருக்கும். எனக்கு லோடு கம்மி, கைல நேரம் இருந்துச்சு. இந்த தடவ யார் கிட்டயும் வண்டிய விட்டுட்டு டீ குடிக்கப் போகக் கூடாது, கூடவே நின்னு புரிஞ்சுக்கணும்னு முடிவு பண்ணிட்டு தண்டையார்பேட்டைல ஒரு பாய் கிட்ட போனேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன், நைனா காலத்துல இருந்து பழக்கம். வயசாயிடுச்சு, இப்பல்லாம் ஒரு நாளைக்கு ரெண்டு வண்டி தான் பாப்பாரு.

நான் வாங்கி வச்சிருந்த மீட்டர எடுத்துக் காட்டி, "பாய், நானே பாத்துட்டேன், ஹார்னுக்கு போற வயர கழட்டி செக் பண்ணேன், பட்டன அமுக்குனா 12.4 வோல்ட் வருது, கரண்ட்டு வருது, ஹார்னும் புதுசு, அப்புறம் ஏன் கத்தல"ன்னு கேட்டேன். அவரு மீட்டர வாங்கி ஓரமா வச்சாரு. "தம்பி, இது பொய் சொல்லாது. நீ கேட்ட கேள்வி தான் தப்பு"ன்னாரு.

அதுக்கு முன்னாடி ஹார்னு எப்படி வேல செய்யுதுன்னு அவரு சொன்னத சொல்லிடறேன், இது தெரியாம மத்தது புரியாது. வட்டமா இருக்கற ஹார்ன பிரிச்சா உள்ள ஒரு மெல்லிசான இரும்புத் தகடு, அதுக்கு பின்னாடி ஒரு காயில், ஒரு ஜோடி பாயிண்ட்டு. கரண்ட்டு வந்தா காயில் காந்தமாகி தகட்ட இழுக்கும். தகடு உள்ள வந்த உடனே அதுவே பாயிண்ட்ட தள்ளி பிரிச்சிடும், கரண்ட்டு கட்டாகும், காந்தம் போகும், தகடு திரும்ப வெளிய போகும், பாயிண்ட்டு சேரும், திரும்ப இழுக்கும். இது ஒரு செகண்டுக்கு 400 தடவ, 500 தடவ நடக்கும். 400 பக்கம் அதிர்றது தடிச்ச குரலு, 500 பக்கம் அதிர்றது மெல்லிசு குரலு. ரெண்டும் ஒண்ணா அடிச்சா தான் சத்தம் நல்லா எடுத்துக் கேக்கும். தகட்ட முழு பலத்தோட இழுக்க முழு வோல்ட்டேஜ் வேணும். 12 கெடைக்க வேண்டிய எடத்துல 8 கெடைச்சா காயில் பாதி தான் இழுக்கும், தகடு அரகொறையா ஆடும், அந்த ஆட்டம் தான் எனக்கு கேட்ட முனகல்.

இப்ப வழி. பேட்டரி பிளஸ்ல இருந்து ஃபியூஸ், அங்கருந்து ரிலே, ரிலேல இருந்து ஹார்னு, ஹார்னுல இருந்து... இங்க தான் எல்லாரும் நிறுத்திடறோம். ஹார்னுக்குள்ள போன கரண்ட்டு திரும்பி பேட்டரி மைனஸுக்கு வந்தாகணும். என் வண்டி ஹார்னுல ஒரு வயரு தான். இன்னொரு வயரு எங்கன்னா, வயரே கெடையாது, ஹார்ன மாட்டியிருக்கற இரும்புப் பட்டை, அத முடுக்கி வச்சிருக்கற போல்ட்டு, ரேடியேட்டர தாங்குற தகரம், வண்டி பாடி, அங்கருந்து பாடிய பேட்டரியோட சேக்கற தடிச்ச பின்னல் வயரு. இந்த திரும்பற பாதைய தான் எர்த்துன்னு சொல்றது, அது முழுக்க இரும்பு இரும்ப தொட்டுக்கிட்டு இருக்கணும். போன கரண்ட்ட நான் நூறு தடவ பாத்தேன், வர்ற கரண்ட்ட ஒரு தடவ கூட பாக்கல.

பாய் ஒரு பழைய ஹெட்லைட் பல்பு எடுத்தாரு. 60க்கு 55 வாட் பல்பு, ரெண்டு இழையும் சேத்து ஈயம் வச்சு ரெண்டு நீட்டு வயரு விட்டிருந்தாரு, முனைல முதலை க்ளிப்பு. ரெண்டு இழையும் சேந்தா கிட்டத்தட்ட ரெண்டு ஹார்னு இழுக்கற கரண்ட்ட அதுவும் இழுக்கும். ஹார்னு வயர கழட்டி ஒரு க்ளிப்ப அதுல மாட்டினாரு, இன்னொரு க்ளிப்ப ஹார்னு பட்டைல மாட்டினாரு. "அமுக்கு"ன்னாரு. பல்பு எரிஞ்சுது, ஆனா மஞ்சளா, மண்ணெண்ண வெளக்கு மாதிரி. ரெண்டாவது க்ளிப்ப பட்டைல இருந்து எடுத்து நேரா பேட்டரி மைனஸ்ல மாட்டி திரும்ப அமுக்கச் சொன்னாரு. பளீர்னு வெள்ளையா எரிஞ்சுது, கண்ணு கூசுச்சு.

அவ்வளவு தான். அந்த ரெண்டு வெளிச்சத்துக்கும் இருந்த வித்தியாசத்துல எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு. வயரு நல்லா இருக்கு, ஃபியூஸ் நல்லா இருக்கு, ரிலே நல்லா இருக்கு. பட்டைக்கும் பேட்டரிக்கும் நடுவுல தான் கோளாறு.

அப்ப மீட்டர் ஏன் 12.4 காட்டுச்சு? மீட்டர் கரண்ட்ட குடிக்கறதே இல்ல, துளி கூட இல்லன்னு வச்சுக்கலாம். துருப்புடிச்ச பைப்புல தண்ணி சொட்டு சொட்டா வந்தாலும் ஒரு ராத்திரி விட்டா குடம் நெறஞ்சிடும்ல, அத பாத்து பைப்பு நல்லா இருக்குன்னு சொன்னா எப்படி? கார்ப்பரேஷன் குழாய்ல கைபம்பு அடிச்ச நமக்கெல்லாம் இது தெரிஞ்ச விஷயம் தான், வேகமா வேணும்னு கேக்கும்போது தான் பைப்பு அடைப்பு தெரியும். அதே மாதிரி லோடு ஏறும்போது தான் எர்த்தோட யோக்கியத தெரியும். ஹார்ன கழட்டி வச்சுட்டு மீட்டர்ல பாத்தா துரு வழியாவும் 12 காட்டும். ஹார்ன மாட்டி, அமுக்கிக்கிட்டே பாக்கணும். மீட்டரோட ஒரு முனைய ஹார்னு பட்டைலயும் இன்னொரு முனைய பேட்டரி மைனஸ்லயும் வச்சு ஹார்ன அடிச்சா, எர்த்து நல்லா இருந்தா ஏறக்குறைய பூஜ்யம் காட்டணும், அர வோல்ட்டு தாண்டுனா சந்தேகப்படணும். என் வண்டில எண்ணு ஆடி ஆடி 3.6 பக்கம் நின்னுச்சு. 12ல மூணரைக்கு மேல அந்த போல்ட்டே தின்னுட்டு இருந்துச்சு.

ஷோ கிரில்ல கழட்டி போல்ட்ட அவிழ்த்தப்ப பாத்தேன். பட்டை உக்கார்ற எடத்துல, தகரத்து மேல, நல்ல கனமா வெள்ள பெயிண்ட்டு. மேல் பெயிண்ட்டுக்கு கீழ பழைய நீல பெயிண்ட்டு ஒரு வரி, அதுக்கும் கீழ சாம்பல் பிரைமர், ஓரத்துல எல்லாம் துரு பொருக்கு பொருக்கா எழும்பி நிக்குது. விரல் நகத்தால நெம்புனா ஒரு சில்லு அப்படியே தகடு மாதிரி வந்துச்சு, அத திருப்பிப் பாத்தா உள்பக்கம் போல்ட்டு வாஷரோட வட்டம் அச்சு அடிச்ச மாதிரி பதிஞ்சிருக்கு. எட்டு வருஷம் தாண்டுன லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி. எஃப்சிக்கு போறதுக்கு முன்னாடி டிங்கரிங் பாத்து பெயிண்ட் அடிப்போம். பெயிண்டரு பட்டைய கழட்டிட்டு, அந்த எடத்தையும் சேத்து அடிச்சிட்டு, காஞ்சதும் பெயிண்ட்டு மேலயே பட்டைய முடுக்கிட்டாரு. அவரு வேல சுத்தமா தான் இருந்துச்சு, ஒரு எடம் விடாம அடிச்சிருந்தாரு. போல்ட்டு மரை வழியா மட்டும் கொஞ்சம் கரண்ட்டு திரும்பிக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் எண்ணூர் ரோட்டு உப்புக் காத்து வந்து மரையிலயும் துரு ஏத்துச்சு. அந்த ரோட்டுல அலை அடிக்கிற நாள்ல கண்ணாடில உப்பு படியும், வைப்பர் போட்டா வெள்ளையா இழுக்கும், அது கிரில்லுக்குள்ளயும் தான் போகுது.

"எஃப்சி முடிச்சு வந்ததுல இருந்தே ஒரு மாதிரி கீது." நைனா சொன்னது.

புது ஹார்னு மாட்டுன அப்ப ரெண்டு வாரம் ஏன் நல்லா கத்துச்சுன்னும் இப்ப தெரிஞ்சுது. போல்ட்ட கழட்டி திரும்ப முடுக்கும்போது மரை உராஞ்சு கொஞ்சம் பளபளப்பான இரும்பு வெளிய வந்திருக்கு. அதுல ஓடிச்சு. திரும்ப துரு ஏறுனதும் நின்னுச்சு. குணமாக்குனது புது ஹார்னு இல்ல, ஸ்பேனரு தான்.

சரி பண்ணது பெரிய வேல இல்ல, ஆனா பாய் அவசரப்படல. பட்டை உக்கார்ற எடத்த மட்டும் உப்புத்தாளால தேய்ச்சு வெள்ளி மாதிரி இரும்பு தெரியற வரைக்கும் கொண்டாந்தோம், பட்டையோட பின்பக்கமும் அதே மாதிரி. போல்ட்டு புதுசு, நட்சத்திர பல்லு வச்ச வாஷரு, அது முடுக்கும்போது இரும்ப கடிச்சுக்கும். முடுக்குனதுக்கு அப்புறம் தான் மேல வாசலின் தடவணும், முன்னாடியே இல்ல. அதோட நிறுத்தாம, பட்டைல இருந்து ஒரு தனி கறுப்பு வயரு இழுத்து, முனைல லக்கு, அதாவது போல்ட்டுல மாட்டற ஓட்ட வச்ச வளையம், போட்டு அமுக்கி, பாடில பேட்டரி எர்த்து வந்து உக்கார்ற அதே போல்ட்டுல மாட்டுனாரு. "அடுத்த எஃப்சிக்கு திரும்ப பெயிண்ட் அடிப்பான்ல, அப்பவும் இது ஓடும்"னாரு. அந்த பேட்டரி எர்த்து லக்க கழட்டுனப்ப உள்ள செம்பெல்லாம் பச்ச களிம்பு பூத்திருந்துச்சு, அதையும் வெட்டி புதுசு போட்டோம். திரும்ப மீட்டர் வச்சு அமுக்குனா 0.1. ஹார்னு சத்தத்துல பக்கத்து கடை மரத்துல இருந்த காக்கா எல்லாம் கெளம்பிடுச்சு.

இன்னொன்னும் அப்ப பாத்தோம். ஒரு ஹார்னோட விளிம்பு கிரில்ல லேசா தொட்டுக்கிட்டு இருந்துச்சு. ஹார்னு அதோட இரும்புப் பட்டைல தொங்கி, சுத்தி எதையும் தொடாம இருக்கணும், அது அதிர்றதுக்கு எடம் வேணும், இல்லன்னா பாதி சத்தம் தகரத்துல செத்துப் போகும். வாய் கீழ பாத்த மாதிரி இருக்கணும், இல்லன்னா மழத்தண்ணி உள்ள நிக்கும். நம்ம வடசென்னைல மழ வந்தா தண்ணி ஹார்னு உயரத்துக்கு வர்ற தெரு எத்தனையோ இருக்கு, அத தடுக்க முடியாது, ஆனா வடியவாவது விடணும்.

இனி தானா கத்துற நோய். இது ஸ்டேரிங்குக்குள்ள. ஹார்னு பட்டன் பண்றது ஒரே ஒரு வேல, ரிலேல இருந்து வர்ற ஒரு சன்ன வயர எர்த்தோட தொட வைக்கறது. ரிலேல 85னு நம்பர் போட்ட காலு. அது எர்த்த தொட்டா ரிலே "டிக்"னு இழுத்து 30ல இருந்து 87க்கு பெரிய கரண்ட்ட விடும். அதனால அந்த சன்ன வயரு வழில எங்கயாவது தோலு தேஞ்சு இரும்புல பட்டாலும் பட்டன அமுக்குன மாதிரி தான் வண்டி எடுத்துக்கும். ஸ்டேரிங் சுத்துது, வயரு சுத்த முடியாது, அதனால நடுவுல ஒரு பித்தள வளையம், அது மேல ஒரு சின்ன ஸ்பிரிங் வச்ச காலு உரசிக்கிட்டே இருக்கும். சிலிப் ரிங்குனு சொல்லுவாங்க.

பேட்டரி மைனஸ கழட்டி வச்சுட்டு, பட்டன் மூடிய எடுத்தோம். ஒண்ணு இங்க கட்டாயம் சொல்லணும், ஏர்பேக் இருக்கற வண்டிய யாரும் இப்படி தெறக்காதீங்க, அதுக்குள்ள வெடிக்கற சாமான் இருக்கு, தெரிஞ்சவங்க தான் கை வைக்கணும். என் வண்டி பழசு, அதுல அது கெடையாது. நடு நட்ட அவிழ்க்கறதுக்கு முன்னாடி தண்டுலயும் ஸ்டேரிங்லயும் சேத்து ஒரு கோடு போட்டாரு, திரும்ப மாட்டும்போது கோணலா உக்காராம இருக்க. நட்ட முழுசா எடுக்காம ரெண்டு மரை விட்டு வச்சுட்டு தான் இழுத்தாரு, இல்லன்னா திடீர்னு கழண்டு மூஞ்சில அடிக்கும். சுத்தில அடிக்கவே இல்ல.

உள்ள பித்தள வளையத்த புடிச்சிருக்கற கறுப்பு பிளாஸ்டிக் புஷ்ஷு ஒரு பக்கம் விரிசல் விட்டு ரெண்டா கெடந்துச்சு. ஸ்டேரிங்க எடது பக்கம் ஒடிக்கும்போது வளையம் சாஞ்சு தண்ட தொடுது, தண்டு எர்த்து, ஹார்னு அடிக்குது. நேரா கொண்டாந்தாலும் ஒடஞ்ச சில்லு முட்டுக் குடுத்து அப்படியே நிக்குது. பித்தள தேஞ்ச தூளும் கிரீஸும் சேந்து கறுப்பா மை மாதிரி. புஷ்ஷுக்கு ஜிபி ரோட்டுக்குப் போனேன், நாலு கடை ஏறி எறங்கி அஞ்சாவது கடைல கெடச்சுது, சின்ன பிளாஸ்டிக் துண்டு அது, உள்ளங்கைல அடங்குது. அத நெனச்சா தான் அந்த ராத்திரி ஆஸ்பத்திரி வாசல் ஞாபகம் வருது.

தெரிஞ்சவங்க நெறைய பேர் நடுவுல ஏர் ஹார்னு போடச் சொன்னாங்க, "கண்டெய்னர்காரனுக்கு அதான் கேக்கும்"னு. எனக்கு மனசு வரல. மத்திய மோட்டார் வாகன விதி 119 அத அனுமதிக்கல, மாத்தி மாத்தி பாட்டு மாதிரி வர்றதோ, காத கிழிக்கற மாதிரி அலர்றதோ கூடாதுன்னு அதுல இருக்கு. 2019ல வந்த 194எஃப் பிரிவுல தேவையில்லாம ஹார்னு அடிச்சாலே மொத தடவ 1000 ரூபா, அடுத்த தடவ 2000னு அப்ப வச்சாங்க. ஆனா எனக்கு அபராதம் பெருசில்ல. நான் போற வழியெல்லாம் ரோட்ட ஒட்டி வீடு, வாசப்படி இறங்குனா ரோடு, நாலு மணிக்கு அந்த வீட்டுக்குள்ள நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவன் தூங்குவான். கம்பெனில குடுத்த ரெண்டு ஹார்னும் முழு வோல்ட்டேஜ்ல அடிச்சா அதுவே போதும், கண்டெய்னர் டிரைவருக்கும் கேக்கும். அது கேக்கலன்னு சொல்றவங்க வண்டிய எல்லாம் பல்பு வச்சு பாத்தா பாதிக்கு மேல எர்த்து தான் போயிருக்கும்னு பாய் சொன்னாரு, நானும் அதுக்கப்புறம் ஸ்டாண்டுல மூணு வண்டிக்கு பாத்தேன், ரெண்டுல அதே கத தான்.

உங்க வண்டில ஹார்னு மக்கர் பண்ணா, கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு காரியம் மட்டும் பண்ணிப் பாருங்க. ஒருத்தர பட்டன அமுக்கச் சொல்லிட்டு ரிலே மேல விரல வையுங்க. "டிக்"னு துடிச்சா பட்டன் பக்கம், ஸ்டேரிங் பக்கம் எல்லாம் சரி, கோளாறு முன்னாடி இருக்கு, துடிக்கலன்னா ஃபியூஸும் ஸ்டேரிங்கும் பாருங்க. துடிச்சும் கத்தலன்னா ஜம்பர் வயரு ஒண்ண ஹார்னு பட்டைல இருந்து பேட்டரி மைனஸுக்கு போட்டு திரும்ப அடிச்சுப் பாருங்க. கத்துனா எர்த்து. ஹார்ன மாத்தறது கடைசி. நான் மொதல்ல மாத்துனேன்.

புது ஹார்ன கழட்டிட்டு சீட்டுக்கு அடில சாக்குல இருந்த பழைய ஜோடிய திரும்ப மாட்டுனேன், அது கெட்டுப் போகவே இல்ல. சாயங்காலம் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி நைனா கேக்கட்டும்னு ஒரு தடவ அடிச்சேன். திண்ணைல இருந்து தலைய சாச்சு கேட்டாரு.

"எர்த்து இன்னா ஆச்சு?"

"பெயிண்ட்டு நைனா. பட்டைக்கு அடில. எஃப்சிக்கு அடிச்சது."

"நான் சொன்னேன்ல." கொஞ்ச நேரம் கழிச்சு, "மெல்லிசு சரியா பேசல, தடிச்சது மட்டும் தான் வருது. பின்னாடி ஸ்க்ரூ இருக்கும் பாரு."

இருந்துச்சு. மெழுகு அடச்சு மூடி வச்சிருந்த சின்ன ஸ்க்ரூ, உள்ள பாயிண்ட்டு இடைவெளிய கூட்டி கொறைக்கறது. மெழுக சொரண்டிட்டு கிரில்லுக்குள்ள கைய விட்டு திருப்புனேன், கால் சுத்துக்கு மேல எப்பவும் போகக் கூடாது, போனா ஹார்னே செத்துடும். கிளீனர் பையன் ஸ்டேரிங்ல உக்காந்து ஒரு தட்டு தட்டுனான். "இன்னும் கொஞ்சம்"னாரு. ஒரு நூல் திருப்புனேன். திரும்ப தட்டுனான். "அதிகமாய்ட்ச்சு, பின்னாடி வா." அரை நூல் பின்னாடி எடுத்தேன். தட்டுனான். ரெண்டு குரலும் ஒண்ணா சேந்து தெரு முழுக்க போச்சு.

"ஆங். அப்படியே வுடு"ன்னாரு நைனா.